லேபர் கோட் வந்தப்புறம் எங்க யூனிட்ல சம்பளக் கணக்க மாத்தின அனுபவம்

கோயம்புத்தூர்ல ஒரு சின்ன சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மெஷின்) ஜாப் ஒர்க் யூனிட்ல சம்பளம், பிஎஃப் எல்லாம் நான்தான் பாக்கறேன். 2025 நவம்பர் 21ல நாலு லேபர் கோடும், அதாவது புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், அமலுக்கு வந்துச்சு, பழைய 29 சட்டத்துக்குப் பதிலா. ரூல்ஸ் இன்னும் வரல, மெதுவா பாத்துக்கலாம்னு பக்கத்து யூனிட்ல எல்லாம் சொன்னாங்க, ஆனா எங்க கன்சல்டன்ட் சார், சம்பளம்னா என்னங்கறதே அன்னிக்கு மாறிடுச்சு, அத தள்ளிப்போட முடியாதுன்னு சொல்லிட்டாரு, முதலாளியும் சரின்னாரு.

அதாவது வீட்டு வாடகைப்படி, கன்வேயன்ஸ், ஓடி (ஓவர்டைம்) மாதிரி ஐட்டமெல்லாம் மொத்தமா குடுக்கறதுல பாதிய தாண்டக்கூடாது, தாண்டினா அந்த அதிகப்படிய பிஎஃப், கிராஜுவிட்டிக்கெல்லாம் சம்பளமாவே கணக்குல எடுத்துக்கணும். எங்ககிட்ட பேசிக்கும் டிஏவும் சேத்து 40 சதவீதம்தான் இருந்துச்சு, இங்க நிறைய இடத்துல அப்படித்தான். மாசம் 36,000 வாங்கற ஒரு செட்டர (மெஷின செட் பண்றவர்) எடுத்துக்கோங்க, சம்பளம்னு கணக்குல வந்த 14,400ங்கறது 18,000 ஆயிடுது.

விஷயம் வெளிய தெரிஞ்சதும் ஷாப் ஃப்ளோர்ல எல்லாருக்கும் ஒரே பயம். "ஏனுங்க அக்கா, கைக்கு வர்றது கொறையுமா?" இதையேதான் ஆளாளுக்கு கேட்டாங்க. நோட்டீஸ் ஒட்டிட்டு விட்டிருக்கலாம், எனக்கு மனசு வரல, ஒவ்வொருத்தரையா கூப்ட்டு உக்கார வெச்சு பே ஸ்லிப்ப காட்டி சொன்னேன். நாங்க பிஎஃப் 15,000 உச்சவரம்பு வரைக்கும்தான் கட்றோம், அதனால அந்த செட்டருக்கு 1,728 புடிச்ச இடத்துல 1,800, மாசம் 72 ரூபாதான் வித்தியாசம், அதுவும் அவர் கணக்குலயேதான் சேருது.

ஆனா கிராஜுவிட்டிய, அதாவது வேலைய விட்டுப் போறப்ப சர்வீஸுக்குக் குடுக்கற பணிக்கொடைய பாருங்க. 15/26 கணக்குல, அதாவது மாசத்த 26 நாளா வெச்சு 15 நாள் சம்பளம்னு, ஒவ்வொரு சர்வீஸ் வருஷத்துக்கும் சுமார் 8,308 வந்தது இப்ப 10,385. கடைசியா வாங்கின சம்பளத்த வெச்சு போடறதால பழைய சர்வீஸ் வருஷத்துக்கும் சேத்தே ஏறுது, பத்து வருஷம் இருந்தவருக்கு இருபதாயிரத்துக்கு மேல கூடுது. முதலாளிக்கு பாரம் இங்கதான், டேக் ஹோம் பத்தி மட்டும் பேசிட்டு இத யாரும் கணக்குல வெக்கறதில்ல. குறிப்பிட்ட காலத்துக்குன்னு ஒப்பந்தம் போட்டு நாமளே நேரடியா எடுக்கற ஆளுங்களுக்கும், அதான் ஃபிக்ஸட் டேர்ம், இனி ஒரு வருஷம் முடிஞ்சாலே கிராஜுவிட்டி உண்டு. அஞ்சு வருஷம் எங்க இருக்கப் போறாங்கன்னு இதுக்குன்னு பணமே ஒதுக்காத யூனிட்டெல்லாம் இப்பவே ஒதுக்க ஆரம்பிக்கணும். ஒழைச்ச காசு அவங்களுக்குப் போய்ச் சேரணும், எனக்கு இதுல ரெண்டாவது கருத்தே இல்ல.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எல்லாருக்கும் கட்டாயம்ங்கறதால தமிழ்லயே அடிச்சு குடுத்தோம். 40 வயசு தாண்டினவங்களுக்கு வருஷா வருஷம் ஃப்ரீ செக்கப், அதுக்கு ஒரு லேப்ல பேசியாச்சு.

ரொம்ப வேல வாங்கினது செட்டில்மென்ட்தான். ஆள் தானா ரிசைன் பண்ணினாலும் ரெண்டு வேலை நாளுக்குள்ள சம்பள பாக்கி போய்டணும் (கிராஜுவிட்டிக்கு மட்டும் 30 நாள் டைம் உண்டு). அட்வான்ஸ் ஒரு நோட்டுல, லீவு இன்னொரு நோட்டுல, ஓடி சூப்பர்வைசர் கைலன்னு இருந்தா ரெண்டு நாள்ல முடியவே முடியாது, அதனால மூணையும் ஒரே ஷீட்டுக்கு கொண்டு வந்து வாராவாரம் சனிக்கிழம சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்து வாங்கிடறேன். புதுசா பண்றவங்க முதல்ல இந்த ஷீட்ட ரெடி பண்ணுங்க, சம்பளத்த பிரிக்கறதெல்லாம் அப்புறம் கன்சல்டன்ட வெச்சு முடிச்சுக்கலாம்.