தன்பதிவேட்டில் ஒரு சுருக்கொப்பம்

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் இளநிலை உதவியாளர் பெண், "ஏன்க்கா, கோப்பு கைமாறும்போதெல்லாம் சுருக்கொப்பம் கேட்கிறீங்க?" என்றாள். அன்றைக்கு மக்கள் கூட்டம், பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

2009-இல் என்னை வேலையிலிருந்து அனுப்பினார்கள். ஒரு கோப்பிலிருந்த அலுவலகக் குறிப்பை உருவிவிட்டு வேறொன்றை வைத்தேன் என்று 17(ஆ) குறிப்பாணை, அதாவது பெரிய தண்டனை வரைக்கும் போகக்கூடிய குற்றச்சாட்டு. கோப்பு என் மேசையை விட்டுப் போன பிறகுதான் குறிப்பு மாறியிருந்தது. யார் வாங்கிக்கொண்டார் என்பது என் தன்பதிவேட்டில், அதாவது என்னிடம் வந்து போகும் கோப்புகளை நான் பதிந்துவைக்கும் பேரேட்டில், இருந்தது. அதை வரவழையுங்கள் என்று விசாரணை அதிகாரியிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். வரவழைக்கவில்லை. விசாரணை அறிக்கையின் நகலைக்கூடக் காட்டாமல் நேராகப் பணியறவு ஆணை கொடுத்தார்கள்.

பணி நீக்கம் வேறு, பணியறவு வேறு. பணி நீக்கம் ஆனவர் வேறு அரசு வேலைக்குப் போகலாம். பணியறவு என்றால் அந்தக் கதவும் மூடிவிடும். விசாரணை முடியும்வரை என்னைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்திருந்தபோது வந்துகொண்டிருந்த பிழைப்பூதியமும் அன்றோடு நின்றது. அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனு எழுதினேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒரு மனுவுக்கு இருபது ரூபாய். முதியோர் உதவித்தொகைக்கு ஒரே பாட்டிக்கு நான்கு முறை எழுதினேன். முன்பு கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என்று அவருக்குத் தெரியவில்லை, காட்ட ஒரு ரசீதும் இல்லை. அந்த மனுக்களைப் பதிவு செய்ய வேண்டிய நாற்காலியில்தான் நானும் இருந்தேன். அந்த நினைப்பு என்னைத் தூங்க விடவில்லை.

துறையில் செய்த மேல்முறையீடு தள்ளுபடியானது. அப்புறம்தான் வழக்கறிஞரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அறிக்கை நகல் கொடுத்தாங்களாம்மா?" அரசமைப்புச் சட்டத்தின் 311(2) பிரிவுப்படி, விசாரித்து, நம் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் வேலையை விட்டு நீக்க முடியும். தண்டனைக்கு முன் விசாரணை அறிக்கை நகலைத் தர வேண்டும் என்று கருணாகர் வழக்கில் 1993-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தராததால் என்ன பாதிப்பு என்பதையும் நாம் காட்ட வேண்டும். எனக்குக் காட்ட இருந்தது அந்தத் தன்பதிவேடு ஒன்றுதான்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணியறவு ஆணையை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. இந்த முறை தன்பதிவேட்டைப் பதிவறையில் தேடி எடுத்தார்கள். கட்டின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது, பக்கம் பிழைத்திருந்தது. என் கையெழுத்தில் கோப்பு எண், தேதி. கடைசிக் கட்டத்தில் நீல மையில் வளைந்த ஒரு சுருக்கொப்பம். வாங்கியவரே அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று 2013-இல் முடிந்தது.

திரும்பிப் போன முதல் நாள், எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த தம்பி பிரிவில் உதவியாளராக இருந்தார். எழுந்து நின்று, "உட்காருங்கக்கா" என்றார். எதில் உட்காருவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மீண்டும் சேர்த்த ஆணையோடு எல்லாம் சரியாகிவிடாது. இடைப்பட்ட காலத்தைப் பணிக்காலமாகக் கருதத் தனி ஆணை வாங்க வேண்டும். அது பணிப்பதிவேட்டில் ஏறினால்தான் ஊதிய உயர்வு கணக்காகும். முதுநிலைப் பட்டியலில் பழைய இடத்துக்குத் தனி மனு. எழுதாமல் விட்டிருந்த துறைத் தேர்வுகளை மே, டிசம்பர் என்று விடாமல் எழுதினேன். கணக்குத் தேர்வில் இரண்டு முறை தவறி மூன்றாம் முறை தேறினேன். உதவியாளர் பதவி உயர்வு 2017-இல் வந்தது.

பணிப்பதிவேட்டில் பணியறவு என்ற சிவப்பு மைப் பதிவு இன்னும் இருக்கிறது. அதை அழிக்க மாட்டார்கள். ரத்தான விவரத்தைக் கீழே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

என் மேசைக்கு மனு கொண்டுவருகிற எவரும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் போவதில்லை. வரிசை எவ்வளவு நீண்டாலும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அந்தத் தன்பதிவேட்டுப் பக்கத்தின் நகல் வீட்டில் இருக்கிறது. நாளைக்கு எடுத்துப்போய் அந்தப் பெண்ணிடம் காட்ட வேண்டும்.