“ஏன் சார் தனியா?”

மூன்று சுவிட்ச், ஒரு பல்பு. பல்பு பூட்டிய அறைக்குள்ளே, சுவிட்சுகள் வெளியே. ஒரே ஒரு முறைதான் உள்ளே போகலாம். எந்த சுவிட்ச் பல்புக்கு உரியது?

வேலை நேர்காணலுக்கு வந்திருந்த ஒரு பையனிடம் இதைக் கேட்டேன். அவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “உள்ள ஒருத்தரை நிறுத்திட்டு ஒவ்வொண்ணா போட்டுப் பார்ப்பேன் சார். எரிஞ்சா குரல் கொடுக்கட்டும்.”

பக்கத்தில் இருந்த சக ஊழியர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். “நீங்க தனியா இருக்கீங்க, யாரும் கிடையாது” என்றேன்.

“ஏன் சார் தனியா?”

நக்கலாகக் கேட்டதாகத் தோன்றவில்லை. அப்பா வயரிங் வேலை பார்ப்பவர் என்று விண்ணப்பத்தில் இருந்தது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பான். என்னிடம் பதில் இல்லை. “புதிர் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, தாளில் ‘சிந்தனைத் திறன்’ என்ற கட்டத்தில் 5-க்கு 2 போட்டேன்.

கிளம்பும்போது விடை என்ன என்று கேட்டான். சொன்னேன். முதல் சுவிட்சைப் பத்து நிமிடம் போட்டுவைத்து அணைக்க வேண்டும். இரண்டாவதைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். எரிந்தால் இரண்டாவது, அணைந்து சூடாக இருந்தால் முதலாவது, சில்லென்று இருந்தால் மூன்றாவது. “ஓ, சூடா” என்று தலையாட்டினான். அப்புறம் மெதுவாக, “இப்ப எல்லாம் எல்.இ.டி. சார், தொட்டா அவ்வளவா சுடாது” என்றான். அதுவும் சரிதான். மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணடித்த 60 வாட் குண்டு பல்பின் காலத்துப் புதிர் அது. இன்று 9 வாட் எல்.இ.டி. அதே வெளிச்சத்தைத் தருகிறது, கண்ணாடியைத் தாராளமாகக் கையில் பிடிக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது.

என் தரப்பையும் சொல்ல வேண்டும். அன்று நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இடம் மூன்று. எல்லோரிடமும் ஒரே மாதிரி சான்றிதழ், ஒரே மாதிரி ப்ராஜெக்ட். எதையாவது வைத்துப் பிரித்துத்தானே ஆக வேண்டும்? புதிர் என்றால் எல்லோருக்கும் ஒரே கேள்வி, பாரபட்சம் கிடையாது. இப்படிச் சொல்லும்போதே இடிக்கிறது. அவனுக்கு அடுத்து வந்த பையன் பத்து நொடியில் சரியான விடையைச் சொன்னான். ஏற்கெனவே கேட்டிருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. 5 போட்டேன். நானே அந்தப் புதிரைப் போட்டு விடை கண்டவன் இல்லை, ஒரு சீனியர் சொல்லித் தெரிந்துகொண்டவன்தான்.

இன்னொன்றும் உண்டு. என் முதல் வேலைக்கான நேர்காணலில் பாலம் புதிர் கேட்டார்கள். 1, 2, 5, 10 நிமிடத்தில் கடக்கக்கூடிய நான்கு பேர், ஒரு டார்ச், ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான், டார்ச் இல்லாமல் யாரும் கடக்க முடியாது. எல்லோரும் அக்கரை சேரக் குறைந்தது எவ்வளவு நேரம்? வேகமானவர் ஒவ்வொருவராகக் கூட்டிப் போவார் என்று கணக்குப் போட்டு 19 நிமிடம் என்றேன். சரியான விடை 17. மெதுவாக நடக்கும் இருவரையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. வேலை கிடைத்தது. யாரோ என் தாளில் 2 போடாமல் விட்டிருக்கிறார்.

கூகுளில் மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், இந்த மாதிரிப் புதிர்கள் வெறும் நேர விரயம், எதையும் கணித்துச் சொல்வதில்லை, கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற நினைப்பைத் தருவதுதான் மிச்சம் என்று 2013-லேயே சொல்லிவிட்டார். அதைப் படித்து நாலு பேருக்கு அனுப்பியவன்தான் நான். அதற்குப் பிறகு நடந்த நேர்காணல் இது.

நாங்கள் ஆள் எடுத்தது சப்போர்ட் வேலைக்கு. நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்கிறோம்? கிளையண்ட் பக்கம் ஒருவரை போனில் நிறுத்திவைத்து, “இப்ப வருதா பாருங்க... இப்ப?” என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறோம். தனியாக உட்கார்ந்து பல்பைத் தொட்டுப் பார்த்த ராத்திரி ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

சரி, அதற்காக அவனை எடுத்திருந்தால் பிரமாதப்படுத்தியிருப்பான் என்று சொல்ல முடியுமா? தெரியாது. புதிரின் விதிக்குள் நிற்க முடியாதவன் கிளையண்ட் போடும் விதிக்குள்ளும் நிற்கமாட்டான் என்று சக ஊழியர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பத்து நொடியில் விடை சொன்ன பையன் இப்போது எங்கள் டீமிலேயே நம்பகமான ஆள். புதிர் அவனைச் சரியாகத்தான் காட்டியது என்று சொல்லிக்கொள்ளலாம். தற்செயல் என்றும் சொல்லலாம். நாளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்கிறேன்.

சின்ன வயதில் பாட்டி புலி, ஆடு, புல்லுக்கட்டு புதிர் போட்டபோது, “புலியை எதுக்குப் பாட்டி படகுல ஏத்தணும்? விட்டுட்டுப் போயிட வேண்டியதுதானே?” என்று கேட்டிருக்கிறேன். பாட்டி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அவர் கையில் மதிப்பெண் தாள் இல்லை.

போன மாதம் மறுபடி நேர்காணல் எடுக்க உட்கார்ந்தேன். புதிர் கேட்பதில்லை என்று முடிவோடுதான் போனேன். பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. எதிரே இருந்த பெண்ணிடம் மூன்று சுவிட்ச் கேள்வியையே கேட்டேன். இந்த முறை கவனமாக, “உள்ளே இருப்பது பழைய குண்டு பல்பு” என்று சேர்த்துச் சொன்னேன். “நீங்க தனியா இருக்கீங்க” என்பதையும்.

அவர் மறுபேச்சு பேசவில்லை. சரியான விடை சொன்னார். 4 போட்டேன்.