கடைசி பெஞ்சில் கேட்ட பதில்

பத்து வருடம் 48 பிள்ளைகள் உள்ள வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். பாடம் சொன்னதைவிட 'சத்தம் போடாதீங்க' என்று சொன்னதுதான் அதிகம். நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் திருத்த 96 நிமிடம் ஆகும். அதனால் சரி, தப்பு, கையெழுத்து, தேதி, அவ்வளவுதான். தப்பு ஏன் வந்தது என்று யோசிக்க நேரம் ஏது?

அப்புறம் மூன்றாம் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். என் பங்குக்கு 22 பேர். முதல் மாதம் நான் மாறவே இல்லை. அதே உரத்த குரல், எல்லோரும் சேர்ந்து ஒப்பிக்கும் அதே வாய்ப்பாடு. எனக்குத் தொண்டை வலி குறைந்தது, பிள்ளைகளுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் கடைசி பெஞ்சில் ஒரு பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முன்பெல்லாம் அதுவரை நடந்துபோகவே வழி இருக்காது. 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருந்தான். "எப்படிப்பா போட்ட?" என்றேன். பென்சிலைக் கடித்தபடி பேசாமல் இருந்தான். காத்திருந்தேன்.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, சின்னதிலிருந்து பெரிசு போகாதுன்னு. அதான் 7-லிருந்து 2-ஐக் கழிச்சேன்."

தூக்கிவாரிப்போட்டது. கடன் வாங்கிக் கழிப்பதைத் தொடங்கும்போது வருடக்கணக்காக நான் சொல்லிவந்த வாக்கியம் அது. மற்ற நோட்டுகளைப் புரட்டினால் இன்னும் மூன்று பேர் அதே போலப் போட்டிருந்தார்கள். அந்தப் பையனிடம் பத்துப் பத்தாகக் கட்டிய 5 குச்சிக் கட்டும் 2 உதிரிக் குச்சியும் கொடுத்து, 27 குச்சி தரச் சொன்னேன். கொஞ்சம் முழித்தான். பிறகு அவனே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கி நான்கு ஆண்டுகள், வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருந்தால் நன்றாகப் படிக்கிறார்களா என்று சோதித்தார்கள். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் உள்ள வகுப்புகளிலும் 22 முதல் 25 பேர் உள்ள வகுப்புகளிலும் சேர்த்தார்கள். வாசிப்பிலும் கணக்கிலும் சிறிய வகுப்புகளே முந்தின. பெரிய வகுப்பில் உதவிக்கு ஓர் ஆளைப் போட்டும் அந்தப் பலன் வரவில்லை. அவர்கள் கணக்கில் என் 22 பெரிய வகுப்பு! எனக்கோ அதுவே சொர்க்கம்.

பழைய 48 பேர் நோட்டுகளில் இதே 35-ஐ எத்தனை முறை சிவப்பு மையால் அடித்திருப்பேனோ. இப்போது அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை. "2 இருக்கு, 7 எடுக்கணும், என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுப் பெஞ்ச் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.