திருப்பெருந்துறையில் இடித்த மஞ்சள்

ஆவுடையார்கோயிலுக்குக் கிளம்பிய அன்று எங்கள் வேனின் பின்சீட்டில் ஒரு சின்ன மர உரலும், பூண் போட்ட உலக்கை ஒன்றும் பழைய சேலையில் சுற்றிப் பத்திரமாகப் படுத்திருந்தன. பக்கத்திலேயே ஒரு தூக்கில் விரலி மஞ்சள், பூலாங்கிழங்கு, சந்தனத்தூள். திருவாசகம் முற்றோதலுக்குப் போகிறோம், உரல் எதற்கு என்று டிரைவர் தம்பி கேட்டார். "போய்ப் பார்த்தாத் தெரியும்யா" என்று பெரியம்மா சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு வயது 81. எங்கள் குழுவில் மொத்தம் 14 பேர், கடைசிக்குட்டிக்கு 58. எனக்கு 63.

முற்றோதல் என்றால் திருவாசகம் முழுவதையும், 51 பதிகம், 658 பாட்டு, ஒரே நாளில் ஓதி முடிப்பது. காலை ஏழு மணி வாக்கில் சிவபுராணத்தில் தொடங்கினால், அச்சோப் பதிகத்துக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிடும். ஒருவர் முன்னால் பாட, மற்றவர்கள் தொடர்ந்து பாடுவோம். பதிகத்துக்குப் பதிகம் முன்பாடுகிறவர் மாறுவார்.

நாங்கள் எல்லோரும் திருவானைக்காவல்காரர்கள். திங்கள்கிழமை சாயங்காலம் கோயில் பிராகாரத்தில் கூடிப் பாடிப் பழகியவர்கள். எங்களுக்குச் சொல்லித் தருபவர் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் டீச்சரம்மா. குழுவில் ஒரு அக்கா மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பேரன் முழுநீள நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதித்தர, 60 வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிக் கூட்டி நீத்தல் விண்ணப்பம் 50 பாட்டையும் படித்துவிட்டார். இன்னொருவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் புத்தகத்தைத் தொடக்கூடாது என்றிருந்தபோது, மருமகள் அடுப்படியில் நின்று வாசிக்க, இவர் காதால் கேட்டே திருச்சாழலை மனப்பாடம் செய்தார்.

நான் சேர்ந்த புதிதில், இந்த வயசுக்கு மேல் என்ன மண்டையில் ஏறும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா ஒருநாள் போப் ஐயர் கதையைச் சொன்னார். 1820-இல் பிறந்தவர் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டுக் கொண்டுவந்தது 1900-இல். "எண்பது வயசும்மா. தாய்மொழி தமிழ் கிடையாது. உங்களுக்கு 60 தான், தமிழ்லயே பொறந்தவங்க. பக்கத்தைத் திருப்புங்க" என்றார். அதற்கப்புறம் வயதைச் சாக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அறந்தாங்கி தாண்டியபோது கிழக்கு வெளுத்துவிட்டது. ஆனி மாதக் காற்று ஜன்னல் வழியாக அடிக்க, பெரியம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். நான் என் பதிகத்தைத் தாளில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு அன்று முதல்முறையாக முன்பாடும் பொறுப்பு. திருப்பொற்சுண்ணம், பெண்கள் கூடி வாசனைப்பொடி இடித்தபடி பாடுவதாக அமைந்த 20 பாட்டு.

அந்தப் பதிகத்தை டீச்சரம்மா எனக்கென்று ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தை எழுத முடியாது.

என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. போன மறுவருஷம் என் தங்கை மகன் கல்யாணம். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மஞ்சள் இடிக்கும் சடங்கு. உரலைக் கழுவிக் கோலம் போட்டு, உலக்கைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தயார் செய்ததெல்லாம் நான்தான். சுமங்கலிகள் சுற்றி நின்றதும் உறவில் பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "நீ சித்த அந்தப் பக்கம் நின்னுக்கம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தூண் பக்கம் போய் நின்றேன். இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கு நான் அழவில்லை, பந்தியில் எல்லோருக்கும் பரிமாறினேன். ஆனால் அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை. ராத்திரி படுத்தால் கேட்கும்.

இதை ஒரே ஒருமுறை, பிராகாரத்தில் விளக்கு வைத்த நேரத்தில், டீச்சரம்மாவிடம் சொன்னேன். அவர் ஆறுதலாக ஒன்றும் பேசவில்லை. நோட்டை எடுத்துப் பொற்சுண்ணத்துக்கு நேரே என் பெயரை எழுதினார்.

ஆவுடையார்கோயில்தான் மாணிக்கவாசகருக்குக் குருந்த மரத்தடியில் குரு கிடைத்த திருப்பெருந்துறை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணம் கோயிலாக மாறிய இடம். உள்ளே நுழைந்தால் வழக்கமாகக் கண் தேடும் எதுவும் இருக்காது. கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. சுவாமி தெற்குப் பார்த்தவர். கருவறையில் லிங்கமே கிடையாது, அதைத் தாங்கும் பீடமான ஆவுடை மட்டும்தான். ஆத்மநாதர் என்று பெயர், உருவம் இல்லை. முதல்முறை வந்த ஒரு அக்கா எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி எங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் முதல்முறைதான். காலியாக இருந்த அந்த ஆவுடைக்குப் பின்னால் எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டில், நாற்காலி, கண்ணாடிக் கூடு என்று ஆள் இல்லாமல் வெறுமனே இருக்கும் இடங்களைப் பார்த்து நாலு வருஷம் பழகியவள் நான். வெற்றிடத்துக்கு விளக்கேற்றி, பூச்சாத்தி, இங்கேதான் இருக்கிறார் என்று கும்பிடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

கொடுங்கையைப் பற்றி எழுதாமல் விட்டால் குற்றம். ஓட்டு வீட்டுத் தாழ்வாரம்போல வளைந்து இறங்கும் கூரை. சட்டம், ரீப்பர், அதில் அடித்த ஆணி எல்லாமே கல். அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று எழுதுவார்கள் எனச் சொல்வதுண்டு. பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

மண்டபத்தில் ஜமக்காளம் விரித்தோம். மனைப்பலகையில் திருவாசகத்தை வைத்து, பட்டுத்துணி சாத்தி, மாலை போட்டு ஏழு மணிக்கு சிவபுராணம் தொடங்கியது. இந்த ஊரில் பாடிய பாட்டு அது. பாடப்பட்ட இடத்திலேயே உட்கார்ந்து பாடும்போது, வீட்டில் தினம் சொல்கிற வரிகூடப் புதிதாகக் கேட்கிறது. அகவல்கள் முடிந்து, சதகம் நூறும் முடிய மணி ஒன்பதரையைத் தாண்டிவிட்டது. நீத்தல் விண்ணப்பத்தை மூன்றாம் வகுப்பு அக்கா முன்பாடினார். "விட்டுடுதி கண்டாய்" என்று ஒவ்வொரு பாட்டிலும் வரும்போது அவர் குரல் கெஞ்சவில்லை, கடன் கேட்டு வந்தவர் வாசலில் நிற்பதுபோல உறுதியாக இருந்தது. கோயிலுக்கு வந்த சனம் ஒவ்வொருவராக நின்று, பிறகு உட்காரவே ஆரம்பித்துவிட்டார்கள்.

இவ்வளவு நாள் படித்தும் எனக்குத் தோன்றாத ஒன்றை அன்று வரிசையாகப் பாடும்போது கவனித்தேன். திருவெம்பாவையில் தொடங்கி அம்மானை, பொற்சுண்ணம், தெள்ளேணம், சாழல், பூவல்லி, பொன்னூசல் என்று எவ்வளவு பதிகங்கள் பெண்கள் கூடிச் செய்கிற காரியத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும் எடுத்தவை! குளத்துக்குப் போவது, காய் பிடிப்பது, இடிப்பது, பூப்பறிப்பது, ஊஞ்சல் ஆட்டுவது. மந்திரியாக இருந்த மனிதர், கடவுளைப் பாட வேண்டும் என்று வந்தபோது பெண்கள் வாயால் பாடியிருக்கிறார். நாங்கள் சின்ன வயதில் இடித்தும் புடைத்தும் பாடியும் வளர்ந்தவர்கள். அந்தத் தாளம் எங்கள் கையிலேயே இருக்கிறது. பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாத இடத்திலும் பாட்டு தப்பாது. கை தாளம் தப்பவிடாது.

அம்மானை முடிந்தது. டீச்சரம்மா என்னைப் பார்த்தார். உரலை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். பெரியம்மா தன் கையால் உரலைச் சுற்றி மாக்கோலம் இழுத்தார். மஞ்சளை உள்ளே போட்டார். பிறகு உலக்கையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் வாங்கவில்லை. "நான் பாடுறேன் பெரியம்மா, இடிக்கிறதுக்கு வேற யாராச்சும்..." என்றேன்.

"பாடுறவதான் இடிக்கணும். புடி."

"இல்ல பெரியம்மா, நான்..."

"நானும் அப்படித்தாண்டி, இருபத்தாறு வருஷமா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உலக்கை என் கைக்கு வந்துவிட்டது.

நடுவில் கை பட்டுப் பட்டு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. நான் நினைத்ததைவிடக் கனம். முதல் பாட்டில் மாணிக்கவாசகர் ஒவ்வொருவராக வேலைக்கு அழைக்கிறார். கலைமகள் பல்லாண்டு பாட வேண்டும், கங்கை வந்து கவரி வீச வேண்டும். சுவாமி குளிக்க வாசனைப்பொடி இடிப்பதற்குத்தான் இவ்வளவு ஆரவாரம். 20 பாட்டையும் மனப்பாடமாக அறிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நீ வராதே, தள்ளி நில் என்று அதில் யாரையும் பார்த்து ஒரு சொல் இல்லை. "ஆடற்பொற் சுண்ணம் இடித்து நாமே" என்று ஒவ்வொரு பாட்டும் நாமே, நாமே என்றுதான் முடிகிறது.

முதல் குத்தில் மஞ்சள் தெறித்துப் பக்கத்து அக்கா மடியில் விழுந்தது. பிறகு தாளம் பிடிபட்டது. நான் ஒரு அடி பாட, 13 பேர் அதே அடியைத் திருப்பிப் பாட, நாமே என்னும்போது உலக்கை இறங்கும். விரலி மஞ்சள் லேசில் உடையாது, பிளந்து, நொறுங்கி, பிறகுதான் பொடியாகும். உடையும்போது ஒரு வாசனை எழும்புமே, பச்சையும் மண்ணும் கலந்த வாசனை, அது மண்டபம் முழுக்க நிறைந்தது. "உலக்கை பலஓச்சு வார்பெரியர், உலகமெ லாம்உரல் போதா தென்றே" என்ற பாட்டுக்கு வந்தேன். உலக்கை பிடிக்க வந்த கூட்டத்துக்கு உலகம் முழுவதும் உரலானாலும் போதாதாம். இரண்டாவது முறை அந்த அடியைப் பாடப்போனேன், குரல் வரவில்லை. தொண்டை அடைத்துக் கண்ணில் தண்ணீர் முட்டி, தாளில் எழுத்தெல்லாம் கலங்கிப் போனது. ஆனால் கை நிற்கவில்லை. பெரியம்மா அந்த அடியை எடுத்தார். 81 வயதுக் குரல், கொஞ்சம் நடுக்கம், ஆனால் சுருதி அசையவில்லை. அடுத்த பாட்டுக்கு நான் திரும்பி வந்துவிட்டேன். நடுவில் டீச்சரம்மா வந்து பூலாங்கிழங்கைப் போட்டார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து ஆளுக்கு ஒரு குத்துக் குத்திவிட்டுப் போனார்கள். தரிசனத்துக்கு வந்த ஒரு சின்னப்பெண், கல்யாணமாகிப் புது மஞ்சள் கயிறோடு இருந்தது, "நானும் இடிக்கட்டுமா பாட்டி?" என்று கேட்டு என் கையிலிருந்து உலக்கையை வாங்கிக்கொண்டது.

சுவாமிக்கு இந்தக் கோயிலில் நைவேத்தியமும் வேறு மாதிரிதான். புழுங்கலரிசிச் சோறு, கீரை, பாகற்காய். சுடச்சுடச் சோற்றைக் கொண்டுவந்து கல்மேடையில் கொட்டுகிறார்கள். அதிலிருந்து எழும் ஆவியே நிவேதனம். உச்சிக்காலத்தில் நாங்கள் பார்த்தபோது, வெள்ளை ஆவி திரண்டு கருவறைப் பக்கமாகப் போனது. எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா மெதுவாக, "சமைச்சு முடிச்சா நமக்கும் ஆவியிலேயே வயிறு நிறைஞ்சிடுமேடி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்போம் இதை! நம்மைப்போலவே சாப்பிடுகிற சாமி என்று தோன்றி, அந்த ஆவியையே கையெடுத்துக் கும்பிட்டோம்.

மத்தியானம் பள்ளியெழுச்சி வந்தது. "பழங்குடில் தொறும்எழுந் தருளிய பரனே" என்ற இடத்தில் பெரியம்மா பாட்டை நிறுத்தாமலே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். முடிந்ததும் சொன்னார்: "பழைய குடிசைன்னா இதுதான். கூரை ஒழுகுது, கதவு சாயுது. ஆனா உள்ள ஆளு இருக்காரு." உரைகளில் அந்த வரிக்கு அடியார்களின் பழைய வீடுகள் என்றே பொருள் சொல்வார்கள். பெரியம்மா சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது.

அச்சோப் பதிகம் முடிய ஐந்தே முக்கால். இடித்த சுண்ணத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு யோகநாயகி சன்னதிக்குப் போனோம். அம்பாளுக்கும் திருவுருவம் இல்லை, பாதம் மட்டும். மூடிய சன்னதிக்குள் கல் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொருவராக முகத்தைக் கல்லில் ஒட்டவைத்துப் பார்த்தோம். என் முறை வந்தபோது முதலில் இருட்டுதான் தெரிந்தது. கண் பழகப் பழக, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதங்கள். கம்பியைப் பிடிப்பதுபோலக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலகி வந்தபோது ஜன்னல் கல்லில் என் விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சள். துடைக்கப் போனேன். "இருக்கட்டும் விடு" என்றார் பெரியம்மா.

திரும்பும் வழியில் அறந்தாங்கியில் டீ குடிக்க நிறுத்தினோம். பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டான். ஹலோ சொல்ல வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது, தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. "அம்மா? அம்மா, என்னாச்சு?" என்று அவன் பதறினான். பெரியம்மா போனை வாங்கினார்.

"ஒண்ணும் இல்லப்பா. உங்கம்மா பாடிட்டு வந்திருக்கா. நாளைக்குப் பேசுவா."