விளம்பரத்துக்குக் காத்திருக்காமல் கொழும்பில் நிதித்துறை இன்டர்ன்ஷிப் தேடுவது

கொழும்பில் நிதித்துறை இன்டர்ன்ஷிப்புகள் பல விளம்பரமாக வெளியே வருவதில்லை. ஒரு பிரிவில் ஆள் தேவைப்படும், மேலாளர் தெரிந்தவர்களிடம் சொல்வார், வந்து கிடக்கும் சீவிகளில் ஒன்றை எடுப்பார். வங்கியில் மாமாவோ சித்தப்பாவோ இல்லாத பிள்ளையின் சீவியும் அந்த மேசைக்குப் போகலாம்.

முதலில் பெயர்ப்பட்டியல் வேண்டும். உரிமம்பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பெயர்கள் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உள்ளன. பங்குத் தரகர்களையும் பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் யூனிட் டிரஸ்ட் கம்பனிகளையும் பிணைகள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தளத்தில் எடுக்கலாம். எல்லோரும் பெரிய வங்கிகளுக்கும் நாலைந்து பெரிய கணக்காய்வு நிறுவனங்களுக்குமே எழுதுகிறார்கள். சிறிய தரகு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் ஆட்கள் குறைவு, அதனால் உண்மையான ஆய்வு வேலை சீக்கிரம் கைக்கு வரும். பெரிய வங்கிக் கிளையில் கணக்குத் திறக்கும் படிவங்களை அடுக்குவதிலேயே மாதங்கள் போய்விடலாம்.

எப்போது எழுதுவது என்பதும் முக்கியம். வங்கிகளின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, மற்றக் கம்பனிகள் பலவற்றுக்கு மார்ச் 31. அந்தத் திகதிகளுக்குப் பிறகுதான் கணக்காய்வு நிறுவனங்களுக்கு ஆள் போதாது. ஆனால் ஏப்ரலில் எழுதினால் பிந்திவிடும், பெப்ரவரியிலேயே எழுதுங்கள். வருமான வரி விவரத்திரட்டின் கடைசி நாள் நவம்பர் 30 என்பதால், வரிப் பிரிவுக்கு செப்டெம்பர் நல்ல மாதம்.

சீவி ஒரு பக்கம் போதும். அதோடு சொந்தமாகச் செய்த ஒரு வேலையை அனுப்புங்கள், வித்தியாசம் அங்கேதான் தெரியும். கொழும்புப் பங்குச் சந்தையின் தளத்தில் பட்டியலிடப்பட்ட எந்தக் கம்பனியின் ஆண்டறிக்கையும் இலவசமாகக் கிடைக்கும். ஒரு கம்பனியின் ஐந்து வருட அறிக்கைகளை எடுத்து வருமானம், மொத்த இலாப வீதம், கடன், செயற்பாடுகளால் வந்த காசு ஆகியவற்றை எக்செலில் போடுங்கள். இலாபம் கூடும்போது காசு ஏன் கூடவில்லை என்று அரைப் பக்கம் எழுத முடிந்தால், அதை மேலாளர் நின்று வாசிப்பார். வங்கியென்றால் மூன்றாம் நிலைக் கடன்களின் (திரும்பி வராமல் சிக்கலான கடன்கள்) விகிதத்தையும் மூலதனப் போதுமையையும் (நட்டத்தைத் தாங்க வங்கியிடம் உள்ள சொந்த மூலதன அளவு) பாருங்கள்.

இங்கே வழமையாக இரண்டு பிழைகள் வரும். அறிக்கையில் 'குழுமம்' (துணைக் கம்பனிகளையும் சேர்த்தது), 'கம்பனி' (தனியே அந்தக் கம்பனி) என்று பெரும்பாலும் இரண்டு நிரல்கள் இருக்கும். ஒரு வருடம் ஒன்றையும் அடுத்த வருடம் மற்றதையும் எடுத்தால் முழுக் கணக்கும் பிழையாகிவிடும். மற்றது, தொகைகள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் தரப்பட்டிருந்தால் அதைக் கவனிக்காமல் விடுவது. அனுபவமுள்ளவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

மின்னஞ்சலை மனிதவளப் பிரிவுக்கு மட்டும் அனுப்பாமல் பிரிவுத் தலைவருக்கும் அனுப்புங்கள், அவரது பெயர் பெரும்பாலும் ஆண்டறிக்கையிலேயே இருக்கும். நாற்பது முகவரிகளை ஒரே மின்னஞ்சலில் அடுக்க வேண்டாம். எத்தனை மாதம், எந்தத் திகதியிலிருந்து, பரீட்சை எப்போது என்பதை முதல் பந்தியிலேயே சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு ஆள் எடுக்கத் தயங்குவார்கள், வேலை பழகவே ஒரு மாதம் பிடிக்கும். ஆறு மாதம் என்றால் பேசுவார்கள். மறுமொழி வராவிட்டால் பத்து நாளில் ஒரு தரம் அழையுங்கள், மாதக் கடைசியில் மட்டும் வேண்டாம்.

நேர்முகத்தில் கொள்கை வட்டி, அதாவது நாட்டின் வட்டி வீதங்களை வழிநடத்த மத்திய வங்கி நிர்ணயிக்கும் வீதம் பற்றிக் கேட்கக்கூடும். 2024 நவம்பரிலிருந்து மத்திய வங்கியின் கொள்கை வீதம் ஒன்றுதான், அது ஓரிரவு கொள்கை வீதம். பழைய பாடக்குறிப்பை வைத்து முன்பிருந்த இரண்டு வீதங்களைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். அரசு குறுங்காலக் கடன் பெறும் திறைசேரி உண்டியல் ஏலத்தின் கடைசிப் பெறுபேற்றையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

சிங்களம் தடுமாறினால் மறைக்க வேண்டாம். வடக்கு, கிழக்கில் கிளைகள் உள்ள லீசிங் கம்பனிகளுக்குத் தமிழ் ஆவணங்களை வாசிப்பவர் தேவை, அதைச் சீவியில் எழுதுங்கள்.

பட்டயக் கணக்காளர் வழியில் போகிறவர்கள், சேரப்போகும் நிறுவனம் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனமா, பயிற்சி ஒப்பந்தத்தைப் பதிவுசெய்வார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். பதிவுக் கட்டணம் கேட்கும் இடத்துக்கும், உறவினர்களிடம் வைப்புத் திரட்டச் சொல்லும் இடத்துக்கும் போகவே வேண்டாம். வைப்பு ஏற்கும் கம்பனி மத்திய வங்கியின் பட்டியலில் இல்லையென்றால், நாளை உங்கள் அத்தையின் பணத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.