நடுவில் ஒரு முற்றம்

எங்கள் குடும்பத்திற்கான வீட்டை 27 அடி அகலம், 36 அடி நீளம் என்ற அளவில் வரையத் தொடங்கியபோது, மனையைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் வாஸ்து புருஷ மண்டலத்தின் 81 கட்டங்களைக் கொண்ட பரமசாயிகப் பிரிவையே அடிப்படையாக எடுத்துக்கொண்டோம். அதன் நடுவிலுள்ள 9 கட்டங்கள் பிரம்மஸ்தானம் எனப்படும். எங்கள் வரைபடத்தில் அது 9 அடிக்கு 12 அடி முற்றமாக அமைந்தது. அங்கே தூணோ சுவரோ எழுப்பக் கூடாது என்னும் விதியின் பயனைச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்கள் எளிதில் உணர்வார்கள்: சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலேறி வெளியேற, சுற்றியுள்ள அறைகளுக்குள் புதுக் காற்று வந்துகொண்டிருக்கும், மழைக்காலத்தில் சாரலும் வரும் என்பது வேறு விஷயம்.

சமையலறை தென்கிழக்கான அக்னி மூலையிலும், பெற்றோரின் படுக்கையறை தென்மேற்கிலும், பூஜையறை வடகிழக்கான ஈசானியத்திலும் அமைந்தன. தென்மேற்குச் சுவர்களைக் கனமாகக் கட்டச் சொல்வதற்குப் பிற்பகல் வெயிலே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். மனையடி சாஸ்திரம் ஒவ்வோர் அடிக்கும் கூறும் பலன்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் அம்மாவின் மனநிறைவுக்காகப் பூஜையறையின் உள்ளளவை மட்டும் அவர் விரும்பியபடி 6 அடியாக வைத்தோம். கழிவறையை வடமேற்கில் அமைத்ததால் குழாய்ச் செலவு கூடியதை அண்ணன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.