வாங்கியவனுக்குத்தான் பூட்டு

கம்ப்யூட்டர் கேமின் திருட்டு காப்பி வைத்திருப்பவன் நிம்மதியாக விளையாடுகிறான். காசு கொடுத்து வாங்கியவன்தான் "ஆக்டிவேஷன் வரம்பு முடிந்துவிட்டது" என்ற செய்தியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நேற்று இரவு அந்த ஆள் நான். இத்தனை கணினிகளில்தான் கேமை ஆக்டிவேட் செய்யலாம் என்று ஒரு கணக்கு; மதர்போர்டு மாற்றியதால் இது வேறு கணினியாம். பில்லை அனுப்பினேன், தானியங்கி மெயில் ஒன்று வந்து நன்றி சொன்னது. எதற்கு நன்றியோ!

இந்த வியாதி பழசு. 2008-ல் ஸ்போர் கேம் செக்யூராம் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டோடு வந்தது. 3 கணினிகளுக்கு மேல் ஆக்டிவேட் ஆகாது. கடுப்பானவர்கள் அமேசானில் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தள்ளினார்கள். கேமை வெளியிட்ட ஈஏ நிறுவனம் அதன்பிறகு அந்த 3-ஐ 5 ஆக்கியது. ஆனால் பூட்டு உடைத்த காப்பி, கேம் கடைக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் யாரைத் தடுக்க அந்தப் பூட்டு?

சேஃப்டிஸ்க் என்ற இன்னொரு பூட்டு போட்ட பழைய ஒரிஜினல் டிஸ்க்குகளின் கதை இன்னும் மோசம். பாதுகாப்புக் காரணம் சொல்லி 2015-ல் விண்டோஸ் 10 அவற்றைக் கைவிட்டுவிட்டது. இப்போது ஒரிஜினல் டிஸ்க்கை ஓட்டவே கிராக், அதாவது பூட்டை உடைக்கும் ஃபைல், தேட வேண்டும்.

2014-ல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தய கேமுக்கு ஆக்டிவேஷன் மட்டும் போதாது, எப்போதும் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31-ல் அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியது. தனியாக கார் ஓட்டிப் பார்க்கக்கூட வழியில்லை.

இனி முடிந்தவரை ஜிஓஜி என்ற கேம் விற்கும் தளத்தில்தான் வாங்கப் போகிறேன். அங்கே இன்ஸ்டாலரையே இறக்கி வைத்துக்கொள்ளலாம், பூட்டு கிடையாது. அதில் கிடைக்காத கேம்களுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?